ஒரு சுருள், நாலு மண்டகப்படி

கடல் தாண்டி எங்கோ ஒரு தொழிற்சாலையில் வண்ண ஸ்லைடு பிலிமை மறுபடியும் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதைக் கேட்டுத் திருநெல்வேலியில் மகிழ்ந்தவர்கள் நாலு பேர். டவுனில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, வண்ணார்பேட்டை வக்கீல், பாளையங்கோட்டைப் பல் டாக்டர், பிறகு வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து ஊராரிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் நான். மற்றவர்கள் அன்றைக்கும் வற்றாத நதியின் கரையில் குடிதண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள்.

நாங்கள் நாலு பேரும் பிலிமில் படம் எடுக்கிறவர்கள். செல்போனில் படம் எடுப்பவர்களை மனிதர்களாகவே மதிப்பதில்லை. ஆனால் எங்கள் பிலிம் படங்களைச் செல்போனில் பிடித்து அனுப்பித்தான் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் கிளினிக்கில் கூடுவோம். பல் பிடுங்கும் நாற்காலியில் அண்ணாச்சி சாய்ந்துகொள்வார், அவருக்கு அந்த மரியாதை உண்டு.

ஸ்லைடு பிலிம் என்றால் என்னவென்று வக்கீல் ஒரு தடவை என் வீட்டுக்காரருக்கு விளக்கினார். "சார், நெகட்டிவ்ங்கிறது மூலப் பத்திரம். பிரிண்டுங்கிறது நகல். ஸ்லைடுல அப்படிக் கிடையாது. கேமராவுக்குள்ள போன அதே பிலிம்தான் படமா வெளிய வரும். மூலமும் அதுதான், நகலும் அதுதான். தொலைஞ்சா ஐகோர்ட்டுக்குப் போனாலும் கிடைக்காது. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்கணும், இல்ல மிஷின்ல போட்டுச் சுவத்துல பாக்கணும்."

"வெளிச்சம் கொஞ்சம் கூடக்குறையப் போச்சுன்னா?"

"படம் போச்சு."

"அப்போ மெனக்கெட்டு எதுக்கு அதை வாங்குதீய?" என்றார் என் வீட்டுக்காரர். வக்கீல் பேச்சை வெயிலுக்கு மாற்றினார். குறுக்கு விசாரணை அவருக்குக் கோர்ட்டிலும் சரியாக வராது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்சார அலுவலகத்தில் வேலை, சங்கத்தில் பொறுப்பு. சாமி இல்லை என்பவர். சும்மா சொல்லிக்கொள்கிறவர் அல்ல, வைராக்கியமாக இல்லை என்பவர். கோயிலுக்கு என்னோடு வருவார், வெளியில் செருப்புக்குக் காவல் நிற்பார். திருநீறு கொடுத்தால் கையை நீட்ட மாட்டார். நான் விளக்கேற்றினால், "ஏத்து, ஏத்து, கரண்டு பில்லாவது குறையட்டும்" என்பார். கல்யாணமான புதிதில் சண்டை போட்டேன். பிறகு செருப்பு பத்திரமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

டாக்டரின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து லீவில் வரும்போது அந்தப் புதிய பிலிம் ஒரே ஒரு சுருள் கொண்டு வந்தார். அதற்குமேல் கடையில் கிடைக்கவில்லையாம். செய்ய ஆரம்பித்ததும் உலகத்தில் உள்ள பைத்தியங்களெல்லாம் வரிசையில் நின்று வாங்கிவிட்டனவாம். விமான நிலையத்தில் சோதனைக் கருவிக்குள் பிலிமை விட மாட்டேன் என்று அவர் அடம்பிடித்து, கைச்சோதனைக்கு வந்த அதிகாரி முகர்ந்து பார்த்த கதையை டாக்டர் மூன்று முறை சொன்னார். பிலிம் கிளினிக் பிரிஜ்ஜில், மரத்துப்போகும் ஊசிகளுக்கு நடுவே வைக்கப்பட்டது. நாங்கள் பிரிஜ்ஜைத் திறந்து பார்ப்போம், மூடுவோம், காப்பி குடிப்போம். இப்படியே சில ஞாயிறுகள் போயின.

ஒரு சுருள், நாலு பேர். யார் எடுப்பது?

சீட்டுக் குலுக்கலாம் என்றார் டாக்டர். "தெய்வ காரியத்துக்குச் சீட்டா குலுக்குவாவ?" என்று நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார் அண்ணாச்சி. அவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கோயில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி உண்டு. அன்றைக்குச் சாமி இவர்கள் மண்டபத்துக்கு வரும், செலவு இவர்களுடையது, பரிவட்டமும் இவர்களுக்கு. உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் இருக்கும் தீர்வு அது ஒன்றுதான். "மண்டகப்படி வச்சிருவோம் வே. ஒரே கேமராவுல சுருளைப் போட்டுருவோம். ஆளுக்கு ஒம்போது படம். கேமரா ஒவ்வொருத்தர் வீட்டுக்கா எழுந்தருளட்டும். யாருக்கும் மனத்தாங்கல் இல்ல பாருங்க."

மனத்தாங்கல் அங்கேயே ஆரம்பித்தது. முதல் மண்டகப்படி யாருக்கு? யோசனை சொன்னவர் என்பதால் அண்ணாச்சிக்கு. இரண்டாவது வக்கீலுக்கு, ஏனென்றால் கேமரா அவருடைய அப்பாவுடையது. பழைய காலத்துக் கேமரா. கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டை ஒரு பக்கம், படம் பிடிக்கிற லென்ஸ் வேறொரு பக்கம், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாவது டாக்டருக்கு, மைத்துனர் சம்பந்தம். கடைசி எனக்கு.

"நிறைவு மண்டகப்படி தங்கச்சி. அதுதான் பெரிய கௌரவம்" என்றார் அண்ணாச்சி. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பெண்களுக்குக் கிடைக்கிற அதே கௌரவம்தான் என்று நான் சொன்னேன். டாக்டர் சிரித்தார், மற்ற இருவரும் காதில் வாங்கவில்லை.

நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் தவிர்த்து, அண்ணாச்சி கடையில் சுருள் ஏற்றப்பட்டது. தேங்காய் உடைத்தார். இன்னும் ஒரு படம்கூட எடுக்காத பிலிமுக்கு மூன்று வகைச் சுண்டல். அவருடைய ஒன்பதில் முதல் படம் கடையின் பெயர்ப்பலகை. இரண்டாவது அதே பலகை, கொஞ்சம் தள்ளி. மிச்சத்தைத் தேர், யானை, குறுக்குத்துறை ஆறு என்று முடித்தார். வளர்பிறையில் ஒரு நாள் கேமரா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வக்கீல் வீட்டுக்குப் போனது.

அங்கே போய் உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊர் சைவக் குடும்பங்களில் நல்ல பொருளை உபயோகிக்கிற வழக்கம் கிடையாது. நல்ல புடவை கல்யாணத்துக்கு, நல்ல தட்டு விருந்தாளிக்கு, பத்தமடைப் பட்டுப்பாய் பீரோவுக்கு மேலே. வக்கீலும் அந்தப் பாரம்பரியத்தில் வந்தவர். ஆனியில் கேட்டால் "வெயில் வெளுப்பா இருக்கு" என்பார். ஆடியில் "காத்துல மரமெல்லாம் ஆடுது." ஆவணியில் "சூரியன் இன்னும் சாயல மேடம்." சூரியனுக்கும் அவர் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கேமராவில் அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

புரட்டாசி பிறக்கும் சமயத்தில் என் மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது.

அந்த நாட்களை விவரிக்கப் போவதில்லை. எல்லா ஆஸ்பத்திரி நாற்காலியும் ஒன்றுபோலத்தான். பெண் டாக்டர் நல்லவர், எதையும் மூடிமறைக்காமல் சொன்னார். முதலில் மருந்து ஏற்ற வேண்டும், பிறகு அறுவை. மருந்து ஏற்றிய மூன்றாவது வாரத்தில் முடி கொட்டிவிடும். "மறுபடி வளரும்மா" என்றார். உயிரைப் பற்றிக் கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்ன அவர், முடியைப் பற்றி உடனே சொல்லிவிட்டார். அதனால் நான் முடியைப் பற்றியே கவலைப்படுவது என்று முடிவு செய்தேன். அது என் கைக்கு அடங்குகிற கவலையாக இருந்தது.

என்னிடம் பார்க்கும்படியாக இருந்ததும் அதுதான். பெண் பார்க்க வந்தபோது மாமியார் வீட்டார் என் மூக்கைப் பார்த்துச் சற்று யோசித்தார்களாம். பிறகு நான் காப்பி கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன், முதுகைப் பார்த்துச் சம்மதித்தார்கள். இன்றுவரை அந்தக் குடும்பத்தில் என் சடைக்கு இருக்கும் மதிப்பு எனக்கு இருந்ததில்லை.

சிறு பெண்ணாக இருந்தபோது எல்லோருக்கும்போல எனக்கும் பூச்சடை தைத்து ஸ்டுடியோவில் படம் எடுத்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து, முகம் கண்ணாடியில் தெரிய, முதுகில் சடை தெரிய எடுப்பார்களே, அந்தப் படம். அது இப்போது முழுக்கச் செங்கல் நிறமாகிவிட்டது. கனகாம்பரமும் மருக்கொழுந்தும் மல்லிகையும் என் முகமும் எல்லாம் ஒரே செங்கல். ஸ்லைடில் எடுத்தால் நிறம் அப்படியே நிற்கும் என்பார்கள். கனகாம்பரம் கனகாம்பரமாகவே இருக்கும். என் சடையை அப்படி ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், முடி இருக்கும்போதே. அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு கடன் பிரிவு அதிகாரிக்கு இது என்ன ஆசை என்று யாரும் கேட்க வேண்டாம். நானே கேட்டுப் பார்த்துவிட்டேன், ஆசை போகவில்லை.

அடுத்து கிளினிக்கில் கூடிய ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "என் முறையை முன்னால குடுங்க. வக்கீல் சார் இன்னும் தொடங்கலைல்லா? நான் எடுத்துட்டுத் தாரேன்."

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். சாமியை வழியில் இறக்கிவிட்டுத் தேரைக் கேட்டதுபோலப் பார்த்தார்கள்.

"என்ன விசேஷம் தங்கச்சி?" என்றார் அண்ணாச்சி.

"வீட்டுல ஒரு விசேஷம்."

"வெளியூர்ல இருக்க மகனுக்குப் பொண்ணு பாக்குதீயளோ?"

"இல்ல."

"புதுசா வீடு கெட்டுதீயளோ?"

"இல்ல அண்ணாச்சி."

"பொறவு என்ன விசேஷம்?"

நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு வியாதியை ஒருவரிடம் காலையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஏரலில் இருக்கும் நாலாம் வழிச் சொந்தக்காரர் பஸ் ஏறிவிடுவார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து, கட்டிலில் உட்கார்ந்து, இதே வியாதியில் செத்துப்போனவர்களின் பட்டியலை ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்கு வியாதியே தேவலை.

விவாதம் நடந்தது. முறையை ஒரு தடவை மாற்றினால் பிறகு அதுவே பழக்கமாகிவிடும் என்று அண்ணாச்சி. தன்னுடைய உரிமையை விட்டுக்கொடுக்கத் தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் விட்டுக்கொடுத்ததாக ஆகக் கூடாது என்று வக்கீல். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் எனக்குத் தெரியாது. தன் முறைக்குள் மழை வந்துவிட்டால் காரையாறு அணையில் தண்ணீர் விழுவதை எடுக்க வேண்டும், யாரும் முந்தக் கூடாது என்று டாக்டர். கடைசியில் அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "பைய ஆகட்டும் தங்கச்சி. பிலிம் எங்க ஓடிப்போகுது?"

பிலிம் ஓடிப்போகாது. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் மூன்று பேருக்கும் பங்கு வைத்தாலும் மிச்சமிருக்கும்.

"சொல்லிற வேண்டியதானட்டி?" என்றார் வீட்டுக்காரர்.

"அவுக பரிதாபப்பட்டு ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"பரிதாபம் இல்லட்டி, கேமராதான வேணும்? பரிதாபத்தோட சேத்துத் தந்தா கேமராவை மட்டும் எடுத்துக்கிடுவோம்."

நான் கேட்கவில்லை. முதல் மருந்து ஏறியது. அலுவலகத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் தலையில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நம்பத் தொடங்கியபோது சரஸ்வதி பூஜை வந்தது. அன்று காலை தலை வாரினேன். சீப்பை எடுத்தபோது அதோடு ஒரு கை கனத்துக்கு முடி வந்தது. வலிக்கவேயில்லை. வலித்திருந்தால் தேவலை என்று பட்டது.

சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும். வீட்டுக்காரர் வந்து பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார், வெறுங்கையோடு.

"கேமரா பூசைல இருக்கு. நாளைக்குக் காலம்பற மறுபூசை முடிச்சுத்தான் எடுக்கணுமாம்."

இன்றைக்குப் புத்தகத்தையும் கருவியையும் தொடக் கூடாது, பூஜையில் வைத்தால் வைத்ததுதான். எனக்குத் தெரியாததில்லை. என் வீட்டிலும் பேனாவும் கணக்குப் பொறியும் பூஜையில்தான் இருந்தன. ஆனால் இவர் அதைக் கேட்டுக்கொண்டு வந்தது எனக்கு வியப்பாக இருந்தது. சாதாரணமாக இந்த மனிதர் அந்த வீட்டு வாசலில் நின்று, கேமராவுக்குச் சரஸ்வதி யார், கண்டுபிடித்தவன் எந்தத் தேசம் என்று ஒரு சங்கக் கூட்டமே நடத்தியிருப்பார்.

"நீங்க ஒண்ணும் பேசலையா?"

"பேசல."

"என்ன விசேஷம்னு கேட்டாவளா?"

"சொல்லிட்டேன்ட்டி."

சாயங்காலமே அண்ணாச்சி வீட்டிலிருந்து ஆரஞ்சுப் பழம் வந்தது. இருட்டுவதற்குள் ஹார்லிக்ஸ். நான் என் வீட்டுக்காரரோடு பேசவில்லை. அன்று முழுவதும் தலையில் கை வைக்கவும் இல்லை, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முடியை மறுபூஜை வரை தலையிலேயே நிறுத்திவைக்க வேண்டும், அதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே வேலை. தலையணையில் படுத்தால் தேய்ந்து கொட்டும் என்று நாற்காலியிலேயே தூங்கினேன்.

விஜயதசமி அன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் கேமராவோடு வந்தார். வக்கீல் வீட்டு மறுபூஜை முடியும் வரை வாசலில் நின்று வாங்கி வந்தாராம். வரும் வழியில் பூக்கடையில் கனகாம்பரம், மருக்கொழுந்து, மல்லிகை எல்லாம் கேட்டு வாங்கியிருந்தார். மருக்கொழுந்து என்று சொல்லத் தெரியாமல் "வாசமா இருக்குமே, பச்சையா, அது" என்று கேட்டதாகச் சொன்னார்.

வெளிச்சத்துக்காக மொட்டை மாடிக்குப் போனோம். டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியின் திருகாணிகளைக் கழற்றி அவரே மேலே தூக்கி வந்து தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்தார். அடுத்த பிரச்சினை சடை. என்னால் கையைத் தலைக்குமேல் தூக்கிப் பின்ன முடியாது, மருந்து ஏறிய கை. வெளியாள் யாரையும் கூப்பிடவும் மனமில்லை.

"நான் பின்னுதேன்" என்றார்.

"உங்களுக்குப் பின்னத் தெரியுமா?"

"மூணு கம்பியை முறுக்கத் தெரியும்."

பின்னினார். சீப்பு வைக்கவில்லை. விரலால் பைய ஒதுக்கி ஒதுக்கி, ஒவ்வொரு காலாக எடுத்து. கையோடு வந்துவிட்ட முடியைக் கீழே போடாமல் அதையும் சேர்த்து வைத்தே பின்னினார். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த அம்மாள் பிழியாத துணியோடு அப்படியே நின்றாள். புருஷன் பெண்டாட்டிக்குச் சடை பின்னுவதை அவள் பார்த்திருக்க மாட்டாள். நானும் பார்த்ததில்லை. பூவை ஊசியால் தைக்கத் தெரியாமல் நூலால் சுற்றிக் கட்டினார், மின்கம்பத்தில் ஒயரைக் கட்டுவதுபோல. ஆனாலும் கனமாக, நேராக, இடுப்பு வரைக்கும் சடை இருந்தது.

தூரத்தை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். கேமராவில் வெளிச்ச அளவை நானே கணக்கிட்டுச் சொன்னேன், அவர் எண்களைத் திருப்பி வைத்தார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொட்டியின் முன் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் என் முகம் ஓரளவு தெரிந்தது. எனக்குப் பின்னால் அவர் ஒரு சட்டை நிறமாகத் தெரிந்தார்.

"எடுக்கட்டா?"

"எடுங்க."

என் பங்கு ஒன்பதையும் எடுத்து முடித்தோம். கீழே இறங்கும்போது இரண்டாவது படியில் சடையின் பாதி என் முதுகிலிருந்து நழுவி அவர் கையில் வந்துவிட்டது. நான் அழுதேன். அவர் கண்ணாடியை ஒரு கையிலும் சடையை ஒரு கையிலுமாக வைத்துக்கொண்டு படியிலேயே நின்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆனியிலிருந்து ஒரு படம்கூட எடுக்காத கூட்டம், என் படம் உள்ளே இருக்கிறது, சுருளைச் சீக்கிரம் முடித்துக் கழுவ அனுப்ப வேண்டும் என்று தெரிந்ததும் வெறிபிடித்து எடுத்தது. டாக்டர் அணைக்குப் போகவில்லை. கிளினிக் வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரை எடுத்தார். வக்கீல் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தன் ஒன்பதையும் ஒரே மத்தியானத்தில் எடுத்தார். ராகுகாலம் பார்த்ததாகவும் தெரியவில்லை. என்னைப் பார்க்க வந்து, "நாங்க மனுசங்களா மேடம்" என்று அவர் கண்கலங்கியபோது, இந்த மனிதர் பேசாமல் சூரியனையே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

ஸ்லைடு கழுவுகிறவர் வெகு தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறார். அனுப்பிச் சில வாரம் கழித்து அவர் அண்ணாச்சிக்குப் போன் செய்தாராம். "எல்லாம் பிரமாதமா வந்திருக்கு சார். பாதிச் சுருளுக்கு மேல ஒரு பில்டர் போட்டிருக்கீங்களே, அது எந்தக் கம்பெனி?" அண்ணாச்சி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

மார்கழியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணாச்சி கடை மாடியில் படம் காட்ட ஏற்பாடானது. பெயின்ட் டப்பாக்களை ஒதுக்கி, ஜன்னல்களைப் பாயால் அடைத்து, புது எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார். ஒரு பழைய ஸ்லைடு மிஷினை டாக்டர் எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். நான் தலையில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்காரரோடு போனேன். பல் பிடுங்கும் நாற்காலி இல்லாத குறைக்கு எனக்குப் புதிதாக ஒரு சாய்வு நாற்காலி. முதல் மரியாதை ஒருவழியாகக் கிடைத்துவிட்டது.

அண்ணாச்சியின் படங்கள் விழுந்தன. பொய் சொல்லக் கூடாது, உயிரோடு இருந்தன. பெயர்ப்பலகையின் சிவப்பைக் கண்ணால் தொடலாம்போல இருந்தது. ஆற்றுத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீராகவே இருந்தது. அடுத்தது என்னுடையது.

வேட்டியில் ஒரு மூட்டம் விழுந்தது. அண்ணாச்சி மிஷினின் லென்ஸைத் திருகினார். மூட்டம் கொஞ்சம் பெரிதாயிற்று, சிறிதாயிற்று. விலகவில்லை. உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு சடை, அதில் கனகாம்பர நிறம் மட்டும் தணல்போல. கண்ணாடியில் என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் செம்மஞ்சளாக ஒரு கலங்கல்.

"எம் படத்தைப் போடும்" என்றார் டாக்டர். போட்டார்கள். அதுவும் மூட்டம். வக்கீலுடையதும் மூட்டம். வக்கீல் தன் பையிலிருந்து கேமராவை எடுத்து ஜன்னல் பாயை விலக்கிப் பார்த்தார். லென்ஸின் நட்டநடுவில், காய்ந்து வெடித்த சந்தனத்தில் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

பூஜை அன்று அவர் வீட்டம்மா வைத்தது. வண்டிக்கு ஹெட்லைட்டில் வைக்கிறோமே, அதுபோலக் கேமராவுக்கு லென்ஸில். பார்க்கிற ஓட்டை வேறு என்பதால் எடுத்த யாருக்கும் மறைக்கவில்லை.

"நீரு பாக்கலையா வே?" என்று டாக்டரிடம் கேட்டார் அண்ணாச்சி.

"பாத்தேன். சாமிக்கு வச்சதை எப்படித் தொடைக்க? வக்கீல் வீட்டு வழக்கமா இருக்கும்னு நெனச்சேன்."

"எனக்கும் தெரியும் அண்ணாச்சி" என்றார் வக்கீல். "மண்டகப்படி கேமராவாச்சே, இறங்குற வரைக்கும் பொட்டு இருக்கணுமோன்னு..."

ஊரார் பல்லையெல்லாம் சுரண்டுகிற ஒரு மனிதர், ஊரார் குற்றத்தையெல்லாம் கழுவுகிற ஒரு மனிதர், இரண்டு பேருக்கும் வேட்டி நுனியால் ஒரு பொட்டைத் துடைக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகுதான் உறைத்தது. இவர்களுக்கெல்லாம் முன்னால், மறுபூஜை முடிந்த சூட்டோடு அந்தக் கேமராவை வாங்கி வந்தவர் யார்? பொட்டு புதிதாக இருந்தபோது பார்த்தவர் யார்? பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் திரும்பினேன்.

"நீங்க பாத்தீயளா?"

"பாத்தேன்."

"தொடைக்க வேண்டியதானே? இவுகளை விடுங்க. உங்களுக்கு என்ன? திருநூறு வாங்காத மனுசனுக்குக் குங்குமம் என்ன செஞ்சிச்சு?"

அண்ணாச்சி என் சடையை மறுபடி திரையில் போட்டிருந்தார். என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தொடைக்கத்தான் கர்சீப்பை எடுத்தேன். கை வரல. எனக்கு ஒண்ணும் புடிபடலட்டி அன்னைக்கு. இருக்கோ இல்லையோ, அந்த வாரம் யாரையும் பகைச்சுக்கிட எனக்குத் தைரியம் இல்ல."

இத்தனை வாரமும் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நர்சுகளைக் கேலி செய்துகொண்டிருந்த மனிதர் இவர். எனக்கு என்ன ஆகுமோ என்று இவருக்குள் இவ்வளவு பயம் இருந்திருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், எல்லோரும் பார்க்கத்தான்.

கொஞ்ச நேரம் பொறுத்து டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், ரொம்ப நேரம் விளக்குச் சூட்டுல வச்சிருந்தா ஸ்லைடுல சாயம் போயிரும். வேற காப்பியும் கிடையாது. எடுத்துரட்டா?"

"போனாப் போகுது டாக்டர்" என்றேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."